விழிப்புணர்வு யாருக்கு இல்லை?

திண்டுக்கல் அருகே தோட்டனூத்து இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் போன்ற இடங்களுக்கு ஒரு பருவம் களப்பணிக்குப் போகும் மாணவியின் அறிக்கை பெரும்பாலும் எப்படி முடிகிறது? பெண்களுக்கு விழிப்புணர்வு இல்லை. தையல் பயிற்சி தேவை.

யாருக்கு விழிப்புணர்வு இல்லை? 1983-க்குப் பிறகு கடல் கடந்து வந்த குடும்பங்களின் பெண்கள் பதிவேடு, சான்றிதழ், தாசில்தார் அலுவலகம் என்று அலைந்தே சட்டம் படித்தவர்கள். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்த பிள்ளைக்கு, தாய் இந்தியக் குடிமகளாக இருந்தாலும், தந்தை 'சட்டவிரோதக் குடியேறி' என்றால் குடியுரிமை இல்லை. உயிர் பிழைக்க ஆவணமின்றி வந்தவருக்குச் சட்டம் வைத்த பெயர் அது. பத்து மாதம் சுமந்த உள்ளூர்க்காரியின் குடியுரிமை பிள்ளைக்குப் போதவில்லை. வாக்கில்லை, இந்தியக் கடவுச்சீட்டு இல்லை. 2019 திருத்தமும் இலங்கையைச் சேர்க்கவில்லை.

2022-இல் தோட்டனூத்தில் 321 வீடுகளைத் தமிழக அரசு கட்டித் தந்தது. நல்லது. அந்த வீட்டில் பிறக்கும் மகள் எந்த நாட்டுக்காரி?

தோழியரே, தையல் எந்திரம் இந்தக் கிழிசலைத் தைக்காது. அறிக்கையில் 'பிரச்சினை' என்ற தலைப்பின்கீழ் அந்தப் பெண்களை எழுதாதீர்கள். குடியுரிமைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவை எழுதுங்கள். மதிப்பெண் குறைந்தால் குறையட்டும்.