எட்டு வயதில் எதற்குத் தீர்ப்பு?

தேர்வு வைத்தால்தான் பிள்ளை படிக்கும் என்பது டீக்கடைப் பெஞ்சிலும் கேட்கிற பேச்சு, அரசாணையிலும் ஏறிய பேச்சு. தமிழக அரசு 2019 செப்டம்பரில் 5, 8 வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு அறிவித்தது. எதிர்ப்பு வலுக்கவே 2020 பிப்ரவரி 4 அன்று கைவிட்டது. அதே ஆண்டு வந்த தேசியக் கல்விக் கொள்கை 3ஆம் வகுப்பையும் தேர்வுக்குள் இழுத்தது. 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு திருத்திய விதிப்படி, மறுதேர்விலும் தேறாத 5, 8ஆம் வகுப்புப் பிள்ளைகளை அதே வகுப்பில் நிறுத்திவைக்கலாம். தமிழ்நாடு அதை ஏற்கவில்லை. ஏற்காதது சரிதான்.

தேர்வில்லாவிட்டால் யார் பின்தங்கியிருக்கிறார் என்பதே தெரியாது என்பது முதல் வாதம். 42இல் 17 போனால் மீதி 35 என்று ஒரு பிள்ளை எழுதுகிறது. திருத்துபவர் தப்பு போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போவார். பக்கத்தில் உட்கார்ந்த ஆசிரியருக்கோ, 2இலிருந்து 7 போகாது என்பதால் 7இலிருந்து 2ஐக் கழித்திருக்கிறது, கடன் வாங்கத் தெரியவில்லை என்பது புரியும். ‘கொடி’ என்ற சொல்லில் கொம்பையும் துணைக்காலையும் சேர்த்துப் பார்க்காமல் ‘கெ’ என்று நிற்கும் பிள்ளையின் சிக்கலும் வாய்விட்டுப் படிக்கக் கேட்டால்தான் பிடிபடும். பொதுத்தேர்வு தருவது மதிப்பெண்ணை, அதுவும் ஆண்டு முடிந்த பிறகு.

எல்லாரையும் தேர்ச்சி போட்டதால்தான் தரம் கெட்டது என்பது அடுத்த வாதம். இதற்குச் சான்றாக, ஊரகப் பிள்ளைகளின் கற்றல் நிலையைப் பார்க்கும் ‘அசர்’ ஆய்வைக் காட்டுகிறார்கள். தமிழக ஊரகத்தில் 2ஆம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் தெரிந்த 3ஆம் வகுப்புப் பிள்ளைகள் 2018இல் சுமார் 10 விழுக்காடு. 2022இல் 5க்கும் கீழே. நிலைமை மோசம்தான், மறுக்கவில்லை. ஆனால் கட்டாயத் தேர்ச்சி இரண்டு ஆண்டிலும் இருந்தது. நடுவில் மாறியது கொரோனாவில் பூட்டிய பள்ளிக்கூடம். 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்து, பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துக் கற்பித்தார்கள். 2024இல் அந்த விழுக்காடு மீண்டும் 10ஐத் தாண்டியது. முழுப் பெருமையும் திட்டத்துக்கே என்று சொல்ல முடியாது. பொதுத்தேர்வு இல்லாமலே ஏற முடிந்தது என்று சொல்லலாம். அந்த ‘அசர்’கூட மாதிரிக்குச் சில பிள்ளைகளைத் தனித்தனியாக வாசிக்கச் சொல்லிக் கேட்பதுதான், அதில் எந்தப் பிள்ளையும் ஃபெயில் ஆவதில்லை.

நாளைக்கு நீட் எழுத வேண்டிய பிள்ளை இன்றே பழகட்டுமே என்பார்கள். தேர்வுக்குப் பேர்போன சிங்கப்பூரே 2019 முதல் தொடக்கநிலை 1, 2 வகுப்புகளில் தேர்வுகளை நிறுத்தியது. ஆறாம் ஆண்டு இறுதித் தேர்வை வைத்துக்கொண்டது. பழக்கத்துக்கும் வயது உண்டு. அதோடு, திருச்சுழிப் பக்கத்து மானாவாரி விவசாயி வீட்டில், ஃபெயிலான பிள்ளைக்கு டியூஷன் வைக்கக் காசு இருக்காது. வேலைக்குப் போவதற்கு வழி இருக்கும்.

அதற்காகச் சொல்லிக்கொடுக்காமலே மேல்வகுப்புக்குத் தள்ளுவதை யாரும் நியாயப்படுத்த வேண்டாம். வாரா வாரம் பார்க்கட்டும், அங்கேயே திருத்தட்டும். அதற்குப் போதுமான ஆசிரியர்கள் வேண்டும். அருப்புக்கோட்டையில் தறி ஓட்டுபவர் இழை அறுந்த இடத்திலேயே நிறுத்தி முடிச்சுப் போடுவார். சேலையை அறுத்தெடுத்த பிறகு பார்த்தால் குறை தெரியும், நெய்ய முடியாது.