நாளை என்ன நடக்கும் என்று தெரியாதவர்களின் விசுவாசம்

பிளஸ் டூ ரிசல்ட் வரும் வாரத்தில் சர்ச்சில் ஜெப விண்ணப்பங்கள் அதிகமாகிவிடும். கீரனூரானாலும் திண்டுக்கல் டவுனானாலும் இதில் வித்தியாசமில்லை. மெடிக்கல் சீட் கிடைக்க வேண்டும், வேலை வர வேண்டும், போர்வெல்லில் தண்ணீர் விழ வேண்டும்... ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கவலை.

ஜெபிப்பதில் தவறே இல்லை. கேட்டது கிடைக்காதபோது நடப்பதுதான் வருத்தமானது. "உனக்கு விசுவாசம் பத்தலை தம்பி" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுகிறார். மார்க் குறைந்த பையனுக்கு இப்போது இரண்டு தோல்வி. பரீட்சையிலும் தோற்றான், கடவுளிடமும் தோற்றான்!

விசுவாசம் என்பது நாளை நடப்பதை இன்றே தெரிந்துகொள்ளும் வித்தையா? பைபிள் அப்படிச் சொல்லவில்லை. ஆபிரகாம் போகும் இடம் தெரியாமலே புறப்பட்டவர். வனாந்தரத்தில் மன்னா அன்றன்றைக்குத்தான் கிடைத்தது. பேராசைப்பட்டு மறுநாளுக்கு எடுத்து வைத்தவர்களுடையது புழுத்துப்போனது. கெத்செமனேயில் இயேசுவே அந்தப் பாத்திரம் தம்மைவிட்டு நீங்கும்படி கேட்டார். அது நீங்கவில்லை. அவருக்கு விசுவாசம் குறைவு என்று யாராவது சொல்வார்களா?

இதற்கு வேலூரில் ஓர் உதாரணம் உண்டு. மேரி வர்கீஸ், கேரளாவில் பிறந்து வேலூர் சி.எம்.சி.யில் படித்த டாக்டர். 1954 ஜனவரியில் சக டாக்டர்களோடு சென்ற வேன் கவிழ்ந்தது. முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. முகத்திலும் பெரிய காயம். வயது முப்பதுகூட ஆகவில்லை. இனி என்ன எதிர்காலம் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கிய டாக்டர் பால் பிராண்ட், உட்கார்ந்தபடியே கையில் ஆபரேஷன் செய்யலாமே என்று வழிகாட்டினார். மேரி சக்கர நாற்காலியில் இருந்துகொண்டே தொழுநோயாளிகளுக்கு ஆபரேஷன் செய்தார். பிறகு ஆஸ்திரேலியாவில் சிகிச்சை, நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவப் படிப்பு. திரும்பி வந்து சி.எம்.சி.யின் மறுவாழ்வு மருத்துவத் துறைக்குத் தலைமையேற்றார். 1966ல், தன்னைப் போல முடங்கியவர்கள் தங்கிச் சிகிச்சை பெறும் மையம் அங்கே உருவானது. 1972ல் பத்மஸ்ரீ. 1986ல் இறந்தார்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவருடைய கால்கள் கடைசிவரை திரும்பவில்லை. அதிசயம் நடந்ததால் அவர் விசுவாசி ஆகவில்லை. அது நடக்காதபோதும் மறுநாள் காலையில் அன்றைய வேலையைச் செய்தார். அதுதான் அவருடைய விசுவாசம்.

கீரனூருக்குப் பக்கத்திலும் ஓர் உதாரணம் இருக்கிறது. ஒட்டன்சத்திரம் என்றதும் காய்கறி மார்க்கெட்தான் பலருக்கு ஞாபகம் வரும். 1955ல், அது மதுரை மாவட்டமாக இருந்த காலத்தில், டாக்டர் ஏ.கே. தாரியனும் நண்பர்களும் அங்கே கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவமனையைத் தொடங்கினார்கள். அது எவ்வளவு வளரும் என்று அன்றைக்கு அவர்களுக்கு யார் எழுதிக் கொடுத்தது?

"எல்லாம் கர்த்தர் பார்த்துப்பார்" என்று கைகட்டி உட்காருவதற்கும் இது லைசென்ஸ் ஆகாது. மேரி படித்தார், பயிற்சி எடுத்தார், பிறர் உதவியைக் கேட்டு வாங்கினார். சீட் கிடைக்காத மாணவனும் அடுத்த படிப்பை விசாரிக்க வேண்டும், விண்ணப்பம் போட வேண்டும். பயமாக இருந்தால் பயம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பயப்படுவது பாவமல்ல.

மானாவாரிக் காட்டில் புரட்டாசியில் விதைக்கிறவரிடம் மழை வரும் என்பதற்கு எந்தக் கேரண்டியும் கிடையாது. ஆனாலும் உழுகிறார், விதைக்கிறார், வானத்தைப் பார்க்கிறார். மழை பொய்த்த வருடம் "உனக்கு நம்பிக்கை பத்தலை" என்று ஊரில் யாரும் அவரிடம் சொல்வதில்லை. அடுத்த விதைப்புக்கு விதை கொடுத்து உதவுகிறார்கள்.

ரிசல்ட் சரியில்லாத பையனிடமும் சபை அப்படி நடந்துகொண்டால் போதும்.