மொட்டைமாடிக்கும் ஒரு விதி வேண்டும்



எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தம் குடியிருப்புகளையும் கட்டட விதிக்குள் கொண்டுவந்தது. ஆனால் மின்பளு 100 கிலோவாட் அல்லது ஒப்பந்த அளவு 120 கே.வி.ஏ. இருந்தால்தான் விதி பொருந்தும். திருநகரில் மூன்று, நான்கு சென்டில் எழும்பும் எந்த வீடு அதற்குள் வரும்?

சின்ன வீட்டின் தளத்தில் வெப்பத்தடுப்பு செய்வது கட்டுப்படியாகாது என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. ஒரு மாடி, இரண்டு மாடி வீட்டில் வெயில் அதிகமும் இறங்குவது தளத்தின் வழியாகத்தான். சித்திரையில் மதுரை 40 டிகிரியைத் தொடும்போது பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் இரவு முழுக்க அனலைக் கக்குகிறது. மேல்மாடியில் வாடகைக்கு இருப்பவர்கள் ஏசி இல்லாமல் தூங்க முடிவதில்லை. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், 101 முதல் 200 வரையான யூனிட்டுகளுக்கு இருந்த குறைந்த கட்டணமும் போய்விடுகிறது. வீட்டைக் கட்டுகிறவர் ஒருவர், கரண்ட் பில் கட்டுகிறவர் வேறொருவர். அதனால்தான் சுண்ணாம்பு ஜல்லி போட்டுத் தட்டோடு பதிக்கும் செலவை முதலில் வெட்டிவிடுகிறார்கள். வெள்ளையடிக்கக்கூட மனம் வருவதில்லை. தளம் போடும்போதே செய்தால் மொத்தச் செலவில் அது சிறு பங்குதான்.

குடிசைகளுக்கு மாற்றாகத் தமிழக அரசு கொண்டுவந்த கலைஞர் கனவு இல்லத் திட்டத்தில் 2030க்குள் 8 லட்சம் வீடுகள் கட்டுவது இலக்கு. ஒவ்வொன்றும் 360 சதுரடி, அதில் 300 சதுரடி கான்கிரீட் கூரை. கீற்றுக் கூரையின் குளுமையை விட்டு வருகிறவர்களை அந்த அனலில் குடியமர்த்துவது நியாயமா?

வீடுவீடாக விதியை அமல்படுத்த முடியாது என்றும் சொல்ல வேண்டாம். 2003இல் மழைநீர் சேகரிப்பை எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமாக்கியது இதே தமிழகம்தான். தெலங்கானா 2023இல் குளிர்கூரைக் கொள்கையே கொண்டுவந்து, அரசுக் கட்டடங்களுக்கு அதைக் கட்டாயமாக்கிவிட்டது.

100 கிலோவாட் வரம்பைக் குறைக்கும் அதிகாரத்தை எரிசக்திச் சேமிப்புச் சட்டமே மாநிலத்துக்குத் தந்திருக்கிறது. அதைத் தமிழக அரசு பயன்படுத்த வேண்டும். 2,500 சதுரடி வரையுள்ள மனைகளுக்கு 2024 முதல் தரப்படும் சுயசான்று அனுமதியில், தளத்தில் வெப்பத்தடுப்பு செய்வதை ஒரு நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும். கனவு இல்லங்களின் மதிப்பீட்டிலும் அதற்கான தொகையை அடுத்த கோடைக்கு முன்பே ஒதுக்க வேண்டும்.

– ஒரு வாசகர்,
திருநகர், மதுரை–6