தலைக்கு எவ்வளவு என்று கேளுங்கள்!

180 நாடுகளில் 180-ஆவது இடம்! 2022 ஜூனில் அமெரிக்காவின் யேல், கொலம்பியா பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட சுற்றுச்சூழல் செயல்திறன் பட்டியலில் இந்தியாவுக்குக் கிடைத்தது அதுதான். நூற்றுக்கு 18.9 மதிப்பெண். முதலிடம் டென்மார்க், இரண்டாமிடம் பிரிட்டன். பிரிட்டன்! நிலக்கரியை எரித்தே உலகை ஆண்ட நாடு. தூத்துக்குடி வழியாக எங்கள் சீமையின் பஞ்சைக் கப்பலேற்றிக்கொண்டு போன நாடு.

மதுரை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் விடியற்காலையில் வந்து நின்று பாருங்கள். தேனிப் பக்கமிருந்தும் திண்டுக்கல் பக்கமிருந்தும் கூலி வேலைக்கு வந்து இறங்குகிறவர்களில் எத்தனை பேர் வீட்டில் கார் நிற்கிறது? எத்தனை பேர் ஏசியில் தூங்கிவிட்டு வருகிறார்கள்? கூடையோடு டவுன் பஸ்ஸில் நெருக்கியடித்துப் போகிற பூக்கார அம்மாவா இந்த வானத்தைக் கெடுத்தார்? சராசரி இந்தியரின் கணக்கில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2 டன் கரியமில வாயு. அமெரிக்கரின் கணக்கில் 15 டன் அளவு. அந்த 2 டன்னிலும் பணக்காரர்களின் பங்கைக் கழித்துவிட்டால் பூக்கார அம்மாவுக்கு என்ன மிஞ்சும்?

இப்படி ஒரு தீர்ப்பு எப்படி வந்தது? பட்டியலில் காலநிலைக்கு மட்டும் 38 விழுக்காடு எடை. அதில் பெரும்பங்கு, அண்மை ஆண்டுகளில் உமிழ்வு கூடியதா குறைந்ததா என்பதற்கும், அந்தப் போக்கை 2050 வரை அப்படியே நீட்டிப் பார்ப்பதற்கும் போய்விட்டது. தலைக்கு எவ்வளவு என்ற கேள்விக்கு மூன்று விழுக்காடுகூட இல்லை. மாடி உச்சியில் இருப்பவன் இரண்டு படி இறங்கினால் மதிப்பெண். இப்போதுதான் முதல் படியில் கால் வைப்பவன் குற்றவாளி! தொழிற்புரட்சி முதல் எரிபொருள் எரித்து வானில் சேர்ந்த கரியமில வாயுவில் ஏறக்குறைய கால்பங்கு அமெரிக்கா ஒன்றே விட்டது. இந்தியாவின் பங்கு 3 விழுக்காட்டை ஒட்டித்தான். அந்தப் பழைய கடனை எந்தக் கட்டத்தில் எழுதினீர்கள்?

அதே 2022 நவம்பரில் ஜெர்மன்வாட்ச் அமைப்பும் கூட்டாளிகளும் வேறொரு பட்டியல் வெளியிட்டார்கள். முதல் மூன்று இடத்துக்கு எவருக்கும் தகுதியில்லை என்று காலியாக விட்டுவிட்டு இந்தியாவை எட்டாவதாக வைத்தார்கள். அதே நாடு, அதே புகை, அதே ஆண்டு. மாறியது எடைக்கல் மட்டும்தான். எதை எவ்வளவு எடை போடுவது என்பது அறிவியல் தானாகச் சொல்வதல்ல; எடை போடுகிறவரின் மனம் சொல்வது. அதை ஏன் வெளிப்படையாகச் சொல்லக்கூடாது?

1991-லேயே டெல்லியில் சூழலியலாளர்கள் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் இதைக் கேட்டார்கள். நெல் வயலின் மீத்தேனையும் சொகுசுக் காரின் புகையையும் ஒரே கணக்கில் எழுதுவதா என்று. சோழவந்தான் வயலில் முழங்கால் சேற்றில் நாற்று நடுகிற பெண்ணுக்கு இன்றுவரை பதில் வரவில்லையே!

எங்கள் குறையை மறைக்கவில்லை. டெல்லிக் காற்று நஞ்சுதான். வைகையில் சாக்கடை விழுவதை ஆரப்பாளையம் கரையில் நிற்பவர் மூக்கே சொல்லும். அதற்கு எங்களை ஆள்கிறவர்களின் சட்டையைப் பிடித்து நாங்கள் கேட்போம். கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் மழை பொய்த்து ஆறு மணலாய்க் கிடக்கும் ஆண்டில் அடி வாங்குவதும் நாங்கள், பட்டியலில் கடைசியில் நிற்பதும் நாங்களா?

யேல், கொலம்பியாவின் 2024 பட்டியலில் 176-ஆம் இடம் தந்தார்கள். நாங்கள் கேட்பது நாலு படி உயர்வல்ல. தலைக்குக் கணக்குப் போடுங்கள். 1850-லிருந்து போடுங்கள். எடை குறிக்கும் மேசையில் சேற்றில் கால் வைத்தவர்களையும் உட்கார வையுங்கள். அதன் பிறகு யார் கடைசி என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறோம்.