வெட்டினாலும் காசு, விட்டாலும் காசு



ஸ்ட்ரோம்மன் ஊடாக ஓடும் ஆற்றின் பெயர் சாகெல்வா. ‘சாக்’ என்றால் மரம் அரியும் வாள். ஒருகாலத்தில் இந்தக் கரையில் மர ஆலைகள் இருந்தன. ஆலைகள் போய்விட்டன. காட்டைக் காசாகப் பார்க்கும் கண் மட்டும் போகவில்லை. இப்ப அதற்கு ‘நிலைபேறான வனவியல்’ என்று பெயர்.

நோர்வேயில் மரம் வெட்டக்கூடிய காடுகளில் ஏறக்குறைய 80 வீதம் தனியார் கையில் இருக்கிறது. மரம் விற்ற பணத்தில் 4 முதல் 40 வீதம் வரை உரிமையாளர் வனநிதிக் கணக்கில் போட வேண்டும். நல்லதுதான். ஆனால் அந்தப் பணத்தை மறுநடவுக்குச் செலவழித்தால் அதில் 85 வீதத்துக்கு வரி இல்லை. வெட்டியவர் காட்டைத் திரும்ப வளர்க்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. சட்டக் கடமையைச் செய்வதற்கு ஏன் வரிச்சலுகை? நீங்களும் நானும் வாடகை ஒழுங்காகக் கட்டுகிறோம் என்று யாராவது வரி குறைக்கினமா?

இதற்கு மேல், நெருக்கமாக நடுவதற்கும் காட்டுக்கு உரம் போடுவதற்கும் 2016 முதல் காலநிலையின் பெயரால் மானியம். காட்டுப் பாதை போடவும் மானியம். சரி, வெட்டாமல் விட்டால்? ‘தன்விருப்பப் பாதுகாப்பு’ என்று இழப்பீடு, அதற்கும் வரி இல்லை. இந்தத் திட்டம் அரசுக்கும் உரிமையாளருக்கும் இடையிலான பழைய சண்டைகளைக் குறைத்தது உண்மை. ஆனால் எந்தக் காடு தப்ப வேண்டும் என்பதை உரிமையாளரின் விருப்பமே தீர்மானிக்கிறது. 10 வீதக் காட்டைப் பாதுகாப்போம் என்று 2016இல் நாடாளுமன்றம் முடிவெடுத்தது. இன்று அதன் பாதியைச் சுற்றித்தான் நிற்கிறோம். 2021 செம்பட்டியலில் ஆபத்திலுள்ள உயிரினங்களில் கிட்டத்தட்ட பாதி காட்டில் வாழ்பவை.

“சின்ன உரிமையாளர்கள்தானே, பாவம்” என்று சொல்லுகினம். பெரும்பாலானோர் சின்னவர்கள்தான், காட்டு வருமானத்தில் சீவிப்பவர்களும் இல்லை. ஆனால் சலுகை விற்ற மரத்தின் அளவுக்கு ஏற்றபடி போகிறது. கூட விற்பவருக்குக் கூட லாபம்.

கன்றுகளைக் குனிந்து நடுபவர்கள் யார்? பெருமளவில் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வரும் பருவகாலத் தொழிலாளர்கள். எந்த ஊக்கத்தொகையும் அவர்களை ‘ஊக்குவிக்க’ உருவானதில்லை.

இந்தக் கதை எங்களுக்குப் புதிதில்லை. இலங்கையில் 1950களில் தேயிலைக்கும் ரப்பருக்கும் மறுநடவு மானியம் தொடங்கியது. அதற்குச் சற்று முன், 1948இல், அந்தச் செடிகளை நட்டு வளர்த்த மலையகத் தமிழரின் குடியுரிமையை அரசு பறித்தது. செடிக்கு மானியம், தொழிலாளிக்கு நாடே இல்லை. அங்கே பறிக்கப்பட்ட உரிமையை இங்கே உள்ள கூலியோடு சமமாக்கவில்லை. இரண்டு இடத்திலும் அரசு யாரைப் ‘பங்காளி’ என்று பார்க்கிறது என்பதைத்தான் கேட்கிறேன்.

மானியமே வேண்டாம் என்பதல்ல எங்கட நிலைப்பாடு. பொதுப்பணம் வந்தால் பொது நிபந்தனையும் வர வேண்டும். வெட்டுமுன் அறிவிப்பு, பழைய காட்டில் முழுவெட்டுக்குத் தடை, நடுபவருக்கு ஒப்பந்தக் கூலி: இந்த மூன்றும் இல்லாத இடத்துக்கு ஒரு குரோனரும் போகக்கூடாது.

வனவியல் மானியங்களில் பெரும்பகுதியை நகராட்சிகளே கையாளுகின்றன. ஆவணங்களைக் கேட்டுப் பார்க்கும் உரிமை எல்லோருக்கும் இருக்கிறது. இந்த மாதம் ஆளுக்கொரு நகராட்சிக்கு எழுதுவோம்: யாருக்கு, எவ்வளவு, எதற்கு? வரும் பதிலை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.