சூடு தெரிஞ்சா போதுமா?

அரசியல், ஆவக்காய், வாடகை வீடு எல்லாம் எழுதியாச்சு, இன்னிக்கு ஒரு விளையாட்டுப் பதிவு. "ஊரை விட்டு அவ்ளோ தூரம் போய், ராத்திரி பூரா முழிச்சு பொம்மைச் சண்டையாடா போடுற?"ன்னு எங்க அத்தை கேப்பாங்க. ஆமா அத்தை, அதேதான் :-) ஆனா இந்தப் பொம்மைச் சண்டைக்குள்ள ஒரு உருப்படியான கேள்வி இருக்கு. அதுக்குப் பதில் நான் குடியிருக்கிற இந்த ஐதராபாத்லயே கிடைக்குதுங்கிறது என் கட்சி.

முதல்ல விளையாட்டு தெரியாதவங்களுக்கு. 'மெக்'னா மனுஷ உருவத்துல நடக்கிற ராட்சச டாங்கி. 20 டன்ல ஆரம்பிச்சு 100 டன் வரைக்கும் இருக்கும், உள்ள ஒரு ஆள் உக்காந்து ஓட்டணும். 1984-ல அமெரிக்காவுல வந்த 'பேட்டில்டெக்'ங்கிற பலகை விளையாட்டுதான் மூலம். அதுல இருந்து வந்த கணினி விளையாட்டுகள்ல ஒண்ணு, கனடாவோட வான்கூவர்ல இருக்கிற பிரான்யா கேம்ஸ் பண்ணின 'மெக்வாரியர் ஆன்லைன்'. 2013-ல முறைப்படி வெளியாச்சு. நாங்க நாலு பேர், சென்னைல ஒருத்தன், கோவைல ஒருத்தன், சிங்கப்பூர்ல ஒருத்தன், மியாப்பூர்ல நான், சனிக்கிழமை ராத்திரி ஆனா கூடிடுவோம். ஊர்க்காரங்களோட தமிழ்ல திட்டிக்கிட்டு வாரத்துல ரெண்டு மணி நேரம் இருக்க எனக்கு வேற இடம் இல்லைங்க.

இதுல எதிரியைப் பாக்க மூணு வழி உண்டு. வெறும் கண்ணு, நைட் விஷன், தெர்மல் விஷன். தெர்மல்னா சூட்டைப் பாக்கிறது, சூடான மெக் பளிச்சுன்னு தெரியும். இதுக்கு மேல சென்சார்னு ஒண்ணு தனியா இருக்கு. அது எதிரியைப் பிடிச்சா அவன் எந்த வகை மெக், என்ன ஆயுதம், எந்தக் கை அடிபட்டிருக்கு எல்லாத்தையும் காட்டும். உங்க கூட்டாளிகளுக்கும் அந்தத் தகவல் போகும். அந்தச் சென்சாரைக் குழப்பிவிட ஈசிஎம்னு ஒரு கருவியும் இருக்கு.

இப்ப பிரச்னைக்கு வர்றேன். இந்த மாதிரி விளையாட்டுல தெர்மல் நல்லா வேலை செஞ்சா, எல்லாரும் அதைப் போட்ட கையோட அணைக்கவே மாட்டாங்க. பனி, மழை, இருட்டுன்னு ஓவியர்கள் மாசக்கணக்கா உழைச்சு வரைஞ்ச உலகம் மொத்தமும் ரெண்டு கலர் பொட்டிப் படமாயிடும். அது போகட்டும். அதை விடப் பெரிய நஷ்டம் வேவு பாக்கிறவனுக்கு. எங்க கோவைக்காரன் எப்பவும் 35 டன்னுக்குள்ள இருக்கிற சின்ன மெக்தான் எடுப்பான். முன்னாடி ஓடிப்போய், பாறை பின்னாடி பதுங்கி, எதிரி எங்க வர்றான்னு சொல்றதுதான் அவன் வேலை. நூறு டன் ஆசாமியே நின்ன இடத்துல இருந்து ஒரு பட்டனைத் தட்டி எல்லாரையும் பாத்துட முடியும்னா, இவன் எதுக்கு உயிரைக் குடுத்து ஓடணும்? "மாப்ள, நான் சும்மா கூட வர்ற துணைதான்டா"ன்னு அவன் ஒரு நாள் சொன்னது எனக்கு உறைச்சது. ஆட்டம் ஜெயிக்கிறதை விட, நாலு பேருக்கும் ஒரு வேலை இருக்கணும். அது போச்சுன்னா ஒருத்தன் வர்றதை நிறுத்துவான், அப்புறம் சனிக்கிழமையே இல்லாம போயிடும்.

இது புதுத் தலைவலி இல்லை. 2011-ல வந்த 'பேட்டில்ஃபீல்ட் 3'ல துப்பாக்கி மேல மாட்டுற வெப்பக் கண்ணாடி ஒண்ணு இருந்துச்சு. புகைக்குண்டு போட்டாலும் அதுல ஆள் தெரிஞ்சுடும். எல்லாரும் அதையே மாட்ட ஆரம்பிச்சு, கடைசில 2012-ல அது தெரியிற தூரத்தை வெட்டிட்டாங்க. விளையாட்டு வடிவமைக்கிறவங்க கைல இருக்கிற முதல் வைத்தியம் இதுதான்: தூரத்தை வெட்டு. இத்தனை மீட்டருக்கு மேல ஒண்ணும் தெரியாது, முடிஞ்சது கதை.

எனக்கு இந்த வைத்தியம் பிடிக்கலை. ஏன்னு சொல்றேன்.

ஐதராபாத்னதும் நம்மாளுங்களுக்கு பிரியாணியும் ஹைடெக் சிட்டியும்தான் ஞாபகம் வரும். ஆனா இந்தியாவோட ஏவுகணைத் தலைநகரும் இதுதான். அப்துல் கலாம் 1982-ல இங்க இருக்கிற டிஆர்டிஎல் ஆய்வகத்துக்கு இயக்குநரா வந்தார். அடுத்த வருஷம் ஆரம்பிச்ச ஏவுகணைத் திட்டத்துல பிருத்வி, அக்னி, திரிசூல், ஆகாஷ் கூட ஒரு தம்பியும் இருந்தான், பேர் நாக். டாங்கியை அடிக்கிற ஏவுகணை. 'ஏவு, மற' ரகம், அதாவது விட்டதும் அதுவே இலக்கைத் துரத்திப் போகும். அதுக்குத் தேவையான கண்ணு ஒரு வெப்பக் கண்ணு. சீக்கர்னு சொல்வாங்க. நம்ம விளையாட்டுல இருக்கிற தெர்மல் விஷனேதான், நிஜத்துல.

நாக் முதல் சோதனை 1990-ல. எல்லாம் சரியா வந்த மாதிரி இருந்துச்சு. ஆனா ராஜஸ்தான் கோடை வந்ததும் வெயில் வேலையைக் காட்டிடுச்சு. 2012, 2013 வாக்குல பாலைவனத்துல நடந்த சோதனைகள்ல, உச்சி வெயில்ல 4 கிலோமீட்டர் தூரத்துல இருக்கிற டாங்கியைச் சுத்தி இருக்கிற மணல்ல இருந்து பிரிச்சுப் பாக்க அந்தக் கண்ணு திணறிச்சுன்னு செய்தி வந்துச்சு. காரணம் ரொம்ப எளிமை. டாங்கியும் சூடு, மணலும் சூடு. வெப்பக் கண்ணு பாக்கிறது சூட்டை இல்லை, சூட்டு வித்தியாசத்தை. வித்தியாசம் இல்லைன்னா கண்ணு இருந்தும் குருடுதான். அப்புறம் இன்னும் கூர்மையான சீக்கர் பண்ணி, திரும்பத் திரும்பச் சோதிச்சு, பொக்ரான்ல கடைசிக்கட்டச் சோதனை வெற்றியா முடிஞ்சது 2020 அக்டோபர்ல. முதல் சோதனைல இருந்து முப்பது வருஷம்! தாமதத்துக்குக் காரணம் நிறைய இருக்கு, அதுல ஒண்ணு வெயில்.

அதாவது, தெர்மலுக்குக் கடிவாளம் இயற்கையே போட்டு வச்சிருக்கு. நாம புதுசா கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

இன்னும் சொல்றேன். காலைல வெயில் ஏறும்போதும் சாயங்காலம் இறங்கும்போதும் ஒரு நேரம் வரும், இரும்பும் மண்ணும் ஏறக்குறைய ஒரே சூட்டுக்கு வந்துடும். அந்தக் கொஞ்ச நேரம் வெப்பக் கண்ணுக்குப் பொருளும் பின்னணியும் கலந்துடும். சாதாரண ஜன்னல் கண்ணாடி நம்ம கண்ணுக்குத்தான் தெளிவு, பெரும்பாலான தெர்மல் கேமராக்களுக்கு அது சுவரு மாதிரி. கனமான மழையும் அடர்ந்த மூடுபனியும் வெப்பக் கதிரையும் மங்கடிக்கும். நம்ம ஊரு காஜாகுடா, துர்கம் செருவு பக்கம் மே மாசம் சாயங்காலம் போய் அந்தப் பாறை மேல கையை வச்சுப் பாருங்க. சூரியன் இறங்கி ரொம்ப நேரம் ஆகியும் தோசைக்கல்லு மாதிரி இருக்கும். அந்தப் பாறை நடுவுல எஞ்சினை அணைச்சுட்டு ஒரு மெக் நின்னா, தெர்மல்ல அதுவும் ஒரு பாறைதான்.

விளையாட்டுல இதைக் கொண்டு வாங்கன்னுதான் கேக்கிறேன். பனிப் பிரதேசத்துல ராத்திரியா? தெர்மல் ராஜா. பாலைவனத்துல மத்தியானமா? தெர்மலைப் போட்டா எல்லாமே ஒரே வெளுப்பு, வெறும் கண்ணுதான் ராஜா. ஒவ்வொரு களத்துலயும் எதைப் போடணும்னு யோசிக்க வேண்டி வரும். அந்த யோசனைதான் விளையாட்டே.

ரெண்டாவது, இந்தக் குடும்பத்து விளையாட்டுக்கு உயிர்நாடியே சூடுதான். சுடச்சுட மெக் சூடாகும், எல்லை தாண்டினா தானா அணைஞ்சு நிக்கும். அப்ப, எல்லா ஆயுதத்தையும் ஒண்ணா வெடிச்சவன் தெர்மல்ல தீபாவளி மாதிரி எரியணும். கையைக் கட்டிக்கிட்டு மெதுவா நடந்து வந்தவன் மங்கலாத் தெரியணும். பழைய பலகை விளையாட்டு பண்ணினவங்களுக்கு இந்தக் கணக்கு நல்லாவே தெரியும். அதுல ஒளிஞ்சுக்கிற கவசம் ஒண்ணு இருக்கு, அதைப் போட்டா ஒவ்வொரு சுற்றுக்கும் 10 புள்ளி சூடு ஏறும். ஒளிஞ்சுக்கலாம், ஆனா விலை குடுக்கணும், விலையும் சூட்டுலயே. எவ்வளவு அழகான கணக்கு!

மூணாவதுதான் எனக்கு முக்கியம். பாக்கிறது வேற, அடையாளம் தெரியிறது வேற. கோல்கொண்டா கோட்டைக்குப் போனவங்களுக்குத் தெரியும், கீழ வாசல்ல கையைத் தட்டினா ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தள்ளி மேல பாலா ஹிஸார்ல கேக்கும். அந்தக் காலத்துச் சென்சார் அது. ஆனா கைத்தட்டல் 'யாரோ வந்திருக்காங்க'ன்னு மட்டும்தான் சொல்லும். வந்தது மாமனா எதிரியான்னு ஒரு ஆள் போய்ப் பாத்துட்டு வரணும். தெர்மலும் அப்படித்தான் இருக்கணும். 'அங்க ஏதோ சூடா இருக்கு', அவ்வளவுதான். நம்மாளா எதிராளியா, என்ன ஆயுதம், எங்க அடிபட்டிருக்கு, இதெல்லாம் சென்சார் வேலை. அந்தச் சென்சார் கிட்டப் போனவனுக்குத்தான் கிடைக்கணும். அப்ப எங்க கோவைக்காரனுக்கு வேலை திரும்ப வந்துடும்.

"விளையாட்டுக்கு எதுக்குய்யா இவ்ளோ பௌதிகம்? தூரத்தை வெட்டினா புதுசா வர்றவனுக்கும் சட்டுனு புரியுமே"ன்னு எங்க சென்னை ஆசாமி சண்டைக்கு வருவான். நியாயமான கேள்விதான். ஆனா அறுநூறு மீட்டர்ல தெரிஞ்சவன் அறுநூத்தியொண்ணுல மாயமா மறைஞ்சா அதுதான் புரியாது, யாராவது சொல்லித்தான் தரணும். வெயில்ல தெர்மல் வெளுத்துப் போகும்ங்கிறதை யாரும் சொல்லித்தர வேண்டாம். ஒரு தடவை பாலைவனத்துல போட்டுப் பாத்தாலே தெரிஞ்சுடும். நம்ம உடம்புக்கே தெரிஞ்ச விதி அது.

இன்னும் ஒண்ணு, யாரும் பேசாதது. சிவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரியாத ஆண்கள் நூத்துக்குச் சிலர் எல்லா ஊர்லயும் உண்டு. எங்க சிங்கப்பூர்க்காரன் அதுல ஒருத்தன். தெர்மல்னா வானவில் கலர்லதான் காட்டுவேன்னு அடம்பிடிச்சா அவனுக்கு அது பாதி குருட்டுக் கண்ணாடி. நிஜ ராணுவக் கருவிகள்ல சூடு வெள்ளையாவும் தெரியும், மாத்தினா சூடு கறுப்பாவும் தெரியும். கறுப்பு வெள்ளை போதும்ங்க. ஒரு பட்டன்தான் செலவு. சமநிலைன்னு மணிக்கணக்கா பேசுறவங்க முதல்ல அந்தப் பட்டனைக் குடுக்கட்டும்.

தெர்மலைப் பலவீனமாக்குங்கன்னு நான் சொல்லலை. அதுக்கு எங்க பலமோ அங்க பலமா இருக்கட்டும், எங்க இயற்கை அதைக் குருடாக்குதோ அங்க குருடாகட்டும். முப்பது வருஷம் வெயிலோட மல்லுக்கட்டின ஊர்ல உக்காந்துகிட்டு, எல்லாத்தையும் பாக்கிற கண்ணு ஒண்ணு இருக்குன்னு என்னால நம்ப முடியலை.

சரி, நீங்க எந்தக் கட்சி? தூரத்தை வெட்டுற கட்சியா, வெயில் கட்சியா? பின்னூட்டத்துல வந்து அடிச்சுக்கலாம்.

டிஸ்கி: மேல இருக்கிற ஏவுகணை விஷயமெல்லாம் செய்தித்தாள்ல வந்ததுதான். ஐதராபாத்ல இருக்கேன்னு என்கிட்ட ரகசியம் கேக்காதீங்க, நான் பொட்டி தட்டுற ஆளு :-)