குழந்தைக்கு இங்கிலீஷ் வரணுமா? ரைம்ஸை நிறுத்திட்டு பேச ஆரம்பிங்க!

‘பேபி, கம் ஹியர்... ஷூ போடு... நோ, டோன்ட் டச்!’ சென்னை, கோவை அபார்ட்மென்ட் லிஃப்ட்களில் தினமும் கேட்கிற வசனம் இது. அப்பாவும் அம்மாவும் தங்களுக்குள் சண்டை போடுவதும் சமாதானம் ஆவதும் தமிழில்தான். குழந்தை பக்கம் திரும்பினால் மட்டும் மொழி மாறிவிடும். ஆபீஸ் விட்டு களைப்பாக வரும் நாட்களில் அந்த வேலையும் யூடியூப் ரைம்ஸ் கைக்குப் போய்விடும்.

ஆசையில் தப்பே இல்லை. இங்கிலீஷ் வராமல் இன்டர்வியூவில் தடுமாறிய பலர் இன்று பெற்றோர். அந்த நிலைமை தங்கள் பிள்ளைக்கு வரக்கூடாது என்று நினைப்பது நியாயம்தான். ஆனால் அதற்காக ஸ்கிரீனை டீச்சர் ஆக்குவதும், வீட்டில் தமிழை நிறுத்துவதும் கைகொடுக்காது.

ஸ்கிரீன் ஏன் டீச்சர் ஆகாது?

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பாட்ரீஷியா கூல் குழுவினர் செய்த ஓர் ஆய்வு 2003-ல் வெளியானது. இங்கிலீஷ் மட்டுமே கேட்டு வளர்ந்த 9 மாதக் குழந்தைகளுக்கு, சீனாவின் மாண்டரின் மொழியை 12 முறை அறிமுகம் செய்தார்கள். சில குழந்தைகளுடன் மாண்டரின் பேசுபவர்கள் நேரில் உட்கார்ந்து புத்தகம் படித்து, பொம்மை வைத்து விளையாடினார்கள். வேறு சில குழந்தைகளுக்கு அதையே டிவியில் காட்டினார்கள். இன்னும் சிலருக்கு வெறும் ஆடியோ.

நேரில் பழகிய குழந்தைகள் மாண்டரின் ஒலிகளைப் பிரித்து அறியக் கற்றுக்கொண்டன. டிவி பார்த்தவையும் ஆடியோ கேட்டவையும் எதையும் கற்கவில்லை.

காரணம் சிம்பிள். குழந்தை பந்தைக் கை காட்டினால், பக்கத்தில் இருப்பவர் பந்தைப் பற்றிப் பேசுவார். வீடியோ அதுபாட்டுக்கு யானையைப் பற்றிப் பாடிக்கொண்டிருக்கும். 1 வயதுக் குழந்தைக்கு ஸ்கிரீனே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை நாளுக்கு 1 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2019-ல் தந்த அறிவுரை.

தமிழை நிறுத்தினால் என்ன நஷ்டம்?

சரளமாக வராத மொழியில் பேசும்போது பெரும்பாலும் கட்டளைகள்தான் வாயில் வரும். கம், சிட், ஈட், டோன்ட். ‘மழை ஏன் நின்னுடுச்சு?’, ‘எறும்பு எங்க போகுது?’ என்று குழந்தை கேட்டால் பதில் சொல்லத் தெரியும், வார்த்தை வராது. பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அதே அம்மா தமிழில் பேசினால் அந்தக் கேள்வியிலிருந்து ஒரு கதையே பிறக்கும்.

ஒரு மொழியில் வலுவாகப் புரிந்துகொண்டது அடுத்த மொழிக்கும் உதவும் என்று கனடா கல்வியாளர் ஜிம் கம்மின்ஸ் 1970-களில் இருந்தே சொல்லி வருகிறார். மழை எப்படி வருகிறது என்று தமிழில் புரிந்த குழந்தைக்கு, பள்ளியில் தேவைப்படுவது அதற்கான இங்கிலீஷ் வார்த்தைகள் மட்டுமே.

இங்கிலீஷ் இயல்பாக வரும் பெற்றோர் அதில் தாராளமாகப் பேசலாம். அம்மா ஒரு மொழி, அப்பா ஒரு மொழி என்றும் வைத்துக்கொள்ளலாம். ‘அம்மா, டாக் ஓடுது’ என்று குழந்தை கலந்து பேசினால் பயப்பட வேண்டாம். இரண்டு மொழியில் வளரும் குழந்தைகள் அப்படித்தான் பேசும்.

லேட் ஆயிடுமோ?

எல்கேஜிக்குள் வராவிட்டால் எப்போதும் வராது என்ற பயம் தேவையற்றது. சுமார் 6.7 லட்சம் பேரின் இங்கிலீஷ் இலக்கண அறிவைச் சோதித்த ஆய்வு ஒன்று 2018-ல் வெளியானது. தாய்மொழிக்காரர் அளவுக்குத் தேர 10 வயதுக்குள் தொடங்குவது நல்லது என்றும், இலக்கணத்தைப் பிடிக்கும் திறன் 17 வயது வரை பெரிதாகக் குறைவதில்லை என்றும் அது சொன்னது. அவசரப்பட வேண்டிய விஷயமே இல்லை.

என்ன செய்யலாம்?

* தினமும் 15 நிமிடம் மடியில் உட்கார வைத்து ஒரு படப் புத்தகம். சென்னையின் தூலிகா பதிப்பகம் தமிழும் இங்கிலீஷும் சேர்ந்த புத்தகங்கள் போடுகிறது. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் இரண்டு மொழியிலும் கதைகள் இலவசம்.
* இங்கிலீஷை விளையாட்டோடு சேருங்கள். பந்து போடும்போது ‘த்ரோ’, ‘கேட்ச்’. காய் நறுக்கும்போது நிறங்கள்.
* வீடியோ போட்டால் கூடவே உட்காருங்கள். நடுவில் நிறுத்தி, ‘இப்ப என்ன ஆச்சு?’ என்று கேளுங்கள்.
* தப்பாகச் சொன்னால் திட்ட வேண்டாம். ‘ஹி கோ’ என்றால், ‘யெஸ், ஹி இஸ் கோயிங்’ என்று சரியாகத் திருப்பிச் சொன்னால் போதும்.

பிரெஞ்சோ ஜெர்மனோ சொல்லிக்கொடுக்க நினைப்பவர்களுக்கும் இதே வழிதான்.

இங்கிலீஷுக்குப் பள்ளி இருக்கிறது, காலேஜ் இருக்கிறது, ஆபீஸும் இருக்கிறது. ஊரில் இருக்கும் பாட்டியிடம் போனில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசும் தமிழுக்கு வீட்டை விட்டால் வேறு இடம் இல்லை. அதை இப்போது விட்டுவிட்டு, பத்து வயதில் டியூஷன் வைத்துத் திரும்ப வாங்க முடியாது.